பந்து ஏன் திரும்புகிறது?

(விருத்தாசலம் பகுதியில் நடந்த குறுவள மையக் கூட்டமொன்றில், அரசு உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் கணினியில் விளையாட்டு உருவாக்குவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டதைப் பார்த்தேன். அதில் தவறில்லை. பெற்றோர் கூட்டத்தில் நாம் அதிகம் கேட்கும் புகார், "போன்ல கேம் விளையாடியே கெட்டுப்போறான் மிஸ், நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்பதுதான். அந்தப் பெற்றோரிடம் போய், "உங்கள் பையன் பள்ளிக்கூடத்திலும் கேம்தான் செய்கிறான்" என்று சொல்ல எனக்கும் முதலில் தயக்கமாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கணினி ஆசிரியர் இல்லை. பி.எஸ்சி. கணிதம், பி.எட். படித்தவள். கல்லூரியில் கணினியைத் தொட்டதே சில நாட்கள்தான். எனவே இது வல்லுநர் பேச்சு இல்லை. எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகளாகச் செய்ததையும், அதில் நான் செய்த தவறையும் உங்களிடம் சொல்கிறேன். பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு நடந்தது

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் காட்சித் தொடர்பு. அதில் ஸ்கிராட்ச் மென்பொருள் வருகிறது. மேடை என்றால் என்ன, ஸ்பிரைட் என்றால் என்ன, ஸ்கிரிப்ட் எழுதும் பகுதி எது என்று பாடம் சொல்கிறது. பல பள்ளிகளில் அதை ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படிக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஹைடெக் லேப் இருந்தும், அதன் கதவு இணையவழித் தேர்வு அன்றைக்கு மட்டும் திறக்கிற நிலையும் உண்டு.

அறிவியல் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனபோது அந்தப் பாடம் என்னிடம் வந்தது. நான் ஆர்வமாகத்தான் எடுத்தேன். வீட்டில் இரண்டு நாள் இரவு உட்கார்ந்து ஒரு சின்ன விளையாட்டைச் செய்து பார்த்தேன். கீழே ஒரு பலகை, மேலிருந்து வரும் ஒரு பந்து. பலகையை இடம் வலம் நகர்த்திப் பந்தைத் தடுக்க வேண்டும். அது ஓடியபோது எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. மறுநாள் கரும்பலகையில் எல்லாக் கட்டங்களையும் வரிசையாக எழுதிப்போட்டேன். பிள்ளைகள் அப்படியே பார்த்து அடுக்கினார்கள். எட்டுக் கணினியிலும் எட்டுப் பந்து துள்ளியது.

பள்ளியில் கண்காட்சி வைத்தபோது அந்த எட்டுக் கணினியைத்தான் முன்னால் வைத்தோம். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் ஒரு மாணவியிடம் கேட்டார்: "ஏம்மா, பந்து பலகையில பட்டதும் ஏன் திரும்புது?" அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு, "மிஸ் அப்படித்தான் எழுதச் சொன்னாங்க" என்றாள்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. எட்டுக் கணினியிலும் ஓடியது என்னுடைய விளையாட்டு. இரண்டு இரவு உட்கார்ந்து தடுமாறியது நான், கற்றுக்கொண்டதும் நான்தான். பிள்ளைகளுக்குக் கிடைத்தது பார்த்து எழுதும் வேலை மட்டும். நகல் எழுதும் நோட்டுக்கும் அந்தக் கணினிக்கும் வித்தியாசமே இல்லை.

அந்த ஒரு பதிலால்தான் அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் மாற்றினேன்.

பழைய விளையாட்டுகள் ஏன்?

மாற்றுவதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பந்தும் பலகையும் வைத்த அந்த விளையாட்டுக்கு மூலம், 1972இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பாங். அதைச் செய்தவர் ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளர். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல், புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவருக்குக் கை பழகட்டும் என்று கொடுத்த பயிற்சி வேலை அது. விற்கும் எண்ணத்தில் கொடுத்ததில்லை. செய்து முடித்தபோது நன்றாக இருந்ததால் ஒரு மதுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில நாளில் இயந்திரம் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. போய்த் திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் காசுக் கதைக்குச் சிரித்தார்கள். எனக்குப் பிடித்தது முதல் பகுதி. உலகப் புகழ்பெற்ற விளையாட்டே பயிற்சிக்காகச் செய்ததென்றால், தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது எது?

காசு போட்டு ஆடும் அந்தக் கால ஆர்கேட் விளையாட்டுகளில் ஒரு வசதி உண்டு. ஒரே திரை, மூன்று நான்கு விதிகள், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் ஆட்டம். அந்த இயந்திரங்களின் திறன் குறைவு என்பதால் அதற்கு மேல் செய்யவும் முடியவில்லை. அந்தக் குறைதான் நம் வகுப்புக்கு வரம். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு விதியை எழுதி, ஓட்டிப் பார்த்து, தவறைக் கண்டு, திருத்திவிடலாம்.

1978இல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில், எதிரிகளைச் சுடச் சுட மீதமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். அது முதலில் திட்டமிட்டுச் செய்ததில்லை. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரம் வேகமாக ஓடியது. ஆட்டம் அதனால் விறுவிறுப்பாக இருந்ததைக் கண்டு, நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். எங்கள் லேபிலும் இப்படி ஒன்று நடந்தது.

முந்திரிப் பழமும் மைனஸ் குறியும்

இரண்டாம் ஆண்டு ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டேன். வாரம் ஒரு நாள், கடைசிப் பாடவேளை. பதினான்கு பேர் வந்தார்கள். கரும்பலகையில் கட்டங்களை எழுதிப்போடுவதில்லை என்று முடிவு செய்தேன். விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் தமிழில் பேசி, விதிகளாக எழுதுவோம். கட்டங்களை அவர்கள்தான் தேட வேண்டும்.

முதல் விளையாட்டு, மேலிருந்து விழும் பழத்தைக் கூடையில் பிடிப்பது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முந்திரித் தோப்பு தெரியும். எனவே முந்திரிப் பழம். விதிகளை ஒரு பையனே சொன்னான்: "பழம் மேல எங்கிருந்தாவது வரணும். கீழ விழணும். கூடையில பட்டா ஒரு பாயிண்ட். படலேன்னா திரும்ப மேல போகணும்." நான்கே விதி. இதில் எதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், எதை 'இப்படி நடந்தால்' மட்டும் செய்ய வேண்டும் என்று பிரித்தோம். தொடர்செயல், நிபந்தனை, மாறி என்ற மூன்றும் அந்த நான்கு விதியிலேயே இருக்கின்றன. பெயர்களைப் பிறகுதான் சொன்னேன்.

ஸ்கிராட்ச் மேடையின் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நடுவில் சுழி. இடப்பக்கம் மைனஸ் 240 முதல் வலப்பக்கம் 240 வரை எக்ஸ் அச்சு. கீழே மைனஸ் 180 முதல் மேலே 180 வரை ஒய் அச்சு. அதாவது, நாம் வரைபடத்தாளில் போராடிக் கற்பிக்கும் நான்கு கால்பகுதிகளும் திரையிலேயே இருக்கின்றன.

ஒரு மாணவி பழத்தை விழவைக்க, ஒய் மதிப்பை 5 மாற்று என்று எழுதினாள். பச்சைக் கொடியை அழுத்தினாள். "மிஸ், பழம் மேலயே ஒட்டிக்கிச்சு!" என்று கத்தினாள். நான் பக்கத்தில் போகவில்லை. "கணினியிடம் நீ என்ன சொன்னாய் என்று வாய்விட்டுப் படி" என்று மட்டும் சொன்னேன். இரண்டு முறை படித்தாள். பக்கத்தில் இருந்தவள், "ஏய், கூட்டினா மேலதான் போகும். கீழ வரணும்னா மைனஸ்" என்றாள். மைனஸ் குறியைப் போட்டதும் பழம் விழுந்தது.

வகுப்பில் எதிர்ம எண்களைக் கடன், வெப்பநிலை, எண்கோடு என்று எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் விடை எழுதுவார்கள். ஆனால் ஒரு மைனஸ் குறி இல்லாததால் தன் பழம் விழவில்லை என்று ஒரு குழந்தை வருத்தப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பழம் விழ ஆனதும் கணக்கு வந்தது. ஸ்கிராட்ச் தொடர்செயல் நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் 5 இறங்கினால், மேலிருந்து கீழே 360 அளவு வர 72 சுற்று, அதாவது 2.4 நொடி. 10 ஆக்கினால் 1.2 நொடி. கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தார்கள். வேகம், தூரம், காலம் பாடத்தை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பிழை இன்னும் நல்லது. ஒரு பழத்தைப் பிடித்தால் ஒரு புள்ளி வர வேண்டும். ஒரு பையனுக்கு எட்டு, ஒன்பது என்று ஏறியது. அவனுக்கு மகிழ்ச்சி, யாரிடமும் சொல்லவில்லை. தோழிகள்தான் கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்தார்கள். காரணம் இதுதான்: பழம் கூடையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கணினி ஒரு புள்ளி கொடுக்கிறது. 'தொட்டால்' என்று நாம் சொல்வது நமக்கு ஒரு நிகழ்ச்சி. கணினிக்கு அது ஒரு நொடிக்குள் பலமுறை கேட்கப்படும் கேள்வி. தொட்டவுடனே பழத்தை மேலே அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று அவர்களே கண்டார்கள். ஒரு சொல்லை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மொழிப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொருவன், ஒவ்வொரு பழத்துக்கும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான். ஆட்டம் முடிந்து மீண்டும் தொடங்கும்போது வேகத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மறந்துவிட்டான். எனவே இரண்டாவது ஆட்டம் முதல் ஆட்டத்தைவிடக் கடினமாகத் தொடங்கியது. திருத்தலாம் என்று போனவனை நண்பர்கள் விடவில்லை. "இதுதான்டா நல்லாருக்கு" என்றார்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதையை அன்றுதான் அவர்களுக்குச் சொன்னேன். தன் தவறும் ஜப்பான்காரருக்கு வந்ததும் ஒரே வகை என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

நூற்றெண்பதிலிருந்து கழித்தல்

பிறகு, முந்தைய ஆண்டு நான் கெடுத்த அதே பந்து விளையாட்டுக்கு வந்தோம்.

ஸ்கிராட்சில் திசைக்கு எண் உண்டு. மேலே 0, வலது 90, கீழே 180, இடது மைனஸ் 90. பந்து வலப்பக்கமாகச் சரிந்து கீழே வருகிறது, திசை 135. பலகையில் பட்டபின் எந்தத் திசையில் போக வேண்டும்? விடை எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, லேப் தரையில் சுவரைப் பலகையாக வைத்து உருட்டச் சொன்னேன். சாக்பீஸால் கோடு போட்டார்கள். கோணமானியை வைத்து அளந்தார்கள். 135இல் வந்தது 45இல் போகும். 150இல் வந்தது 30இல் போகும். 120இல் வந்தது 60. தரையில் அளந்ததால் இரண்டு மூன்று பாகை முன்பின் இருந்தது. ஆனாலும் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, "ரெண்டையும் கூட்டினா 180 மிஸ்" என்றாள்.

அப்படியானால் புதிய திசை என்பது 180இலிருந்து பழைய திசையைக் கழித்தால் வருவது. எழுதினார்கள், ஓடியது. இடப்பக்கமாகச் சரிந்து வரும் பந்துக்கு என்ன ஆகும்? அதன் திசை மைனஸ் 135. ஒருவன் நோட்டில் போட்டான்: 180இலிருந்து மைனஸ் 135ஐக் கழித்தால் 315. "315னு ஒரு திசையே இல்லையே" என்று குழம்பினான். திரையிலோ பந்து சரியாக இடப்பக்கம் மேலே போனது. முழுச்சுற்று 360 என்பதை யாரோ நினைவுபடுத்த, 315 என்பதும் மைனஸ் 45 என்பதும் ஒரே திசை என்று தெரிந்தது. எதிர்ம எண்ணைக் கழித்தால் கூட்டலாகும் என்பதை எத்தனை ஆண்டு வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! அன்று ஒரு பந்து அதைச் செய்து காட்டியது.

எனக்குத் தெரியாத கேள்வி

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்த வாரத்தில்தான் ஒரு மாணவி கூப்பிட்டாள். அவளுடைய பந்து சில நேரம் பலகையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை. எப்போதும் இல்லை, எப்போதாவதுதான். அவள் எழுதியதை நான் மூன்று முறை படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆசிரியருக்கு இது கடினமான நேரம். பதினான்கு முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. "கணினியில் ஏதோ கோளாறு, அணைத்துப் போடு" என்று சொல்லி நழுவியிருக்கலாம். உண்மையில் அந்தச் சொல் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "எனக்கும் தெரியவில்லை. அடுத்த வாரத்துக்குள் யார் கண்டுபிடிக்கிறோம் பார்ப்போம்" என்று கரும்பலகையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதி வைத்தேன்.

நான் வீட்டில் முயன்றேன். அவளும் மதிய உணவு இடைவேளையில் வந்து முயன்றாள். அடுத்த வாரம் அவளே சொன்னாள். வேகத்தை மிகக் குறைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பந்து பலகையின் பக்கவாட்டில் ஆழமாகப் புகுந்துவிடும்போதுதான் நடுங்குகிறது. முதல் சுற்றில் திசை மேலே திரும்புகிறது. ஆனால் ஓரடி நகர்ந்த பிறகும் பந்து பலகைக்குள்ளேயே இருப்பதால், அடுத்த சுற்றில் மீண்டும் 'தொட்டால் திரும்பு' நடந்து கீழே திரும்புகிறது. இப்படியே மாறி மாறி. "அது கீழ வரும்போது மட்டும் திரும்புன்னு சொல்லிட்டேன் மிஸ். இப்போ ஒட்டல."

நான் பாடம் நடத்தியிருந்தால் இதைக் கற்பித்திருக்கவே முடியாது. எனக்கே தெரியாதது அது. இதே வகையில் பின்னால் இன்னொன்றும் வந்தது. ஒருவன் பந்தைச் சிறிதாக்கி, வேகத்தை ஒரு சுற்றுக்கு 40 ஆக்கியதும், பந்து பலகையைத் தொடாமலே ஊடுருவிக் கீழே போனது. "பேய்ப் பந்து" என்று பெயர் வைத்தார்கள். பலகையின் தடிமன் 10தான். ஒரு தாவலில் 40 கடக்கும் பந்து, ஒரு சுற்றில் பலகைக்கு மேலே, அடுத்த சுற்றில் கீழே. நடுவில் இருக்கும் கணமே கணினிக்கு இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இருபது நிமிடம்தான் ஆயிற்று. ஒரு பிழையைத் துரத்திப் பழகியவர்களுக்கு அடுத்தது எளிது.

பிழை நோட்டு

நம் ஊரில் பல பிள்ளைகளின் அப்பா, அம்மா செராமிக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். பொம்மையோ அகல் விளக்கோ எப்படி ஆகிறது என்று அவர்களைக் கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படியும். போதிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். பிரித்தெடுத்துப் பிசிறு நீக்கி, ஈர ஸ்பஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும்.

ஒருநாள் தன் விளையாட்டைப் பத்தாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்த மாணவனிடம், "சலிப்பா இல்லையாடா?" என்று கேட்டேன். "சூளைக்குப் போறதுக்கு முன்னாடி உடைஞ்சா திரும்பக் கரைச்சு ஊத்திக்கலாம்னு அம்மா சொல்லும் மிஸ். வெந்தபிறகு உடைஞ்சா குப்பைதான். இது எப்பவும் வேகாத மண்ணு மாதிரி" என்றான்.

நம் வகுப்பறையில் தவறு என்றால் சிவப்பு மை. விடைத்தாள் திரும்பி வரும்போது எல்லாம் வெந்து முடிந்த கதைதான். திருத்தி எழுதி ஆகப்போவது எதுவுமில்லை. விளையாட்டைச் செய்யும் பிள்ளைக்குத் தவறைச் சொல்ல ஆசிரியர் தேவையில்லை. பந்தே சொல்லிவிடுகிறது. அது திட்டுவதில்லை, மற்றவனோடு ஒப்பிடுவதில்லை. திருத்தினால் அடுத்த நொடியே தெரிகிறது. நான் இந்த மூன்று ஆண்டுகளில் கற்றுக்கொண்டது இதுதான்: பிள்ளை தன் பிழையைத் தானே தேடும் அந்த நேரம்தான் பாடம். அதை அவசரப்பட்டு நாம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு பிழை நோட்டு வைத்தோம். பக்கத்துக்கு மூன்று பத்தி. என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, எதை மாற்றினேன். அவ்வளவுதான். நான் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. விளையாட்டு அழகாக இருப்பதைவிட இந்த நோட்டு நிரம்பியிருப்பதைத்தான் கேட்டுப் பார்ப்பேன்.

தடைகள்

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பதினான்கில் மூன்று பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். ஒருவன் நான்கு வாரமும் கூடைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே இருந்தான். கோபித்துக்கொண்டேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது. மற்றவர்களுக்கு வேண்டிய படங்களையெல்லாம் அவனிடம்தான் வரைந்து வாங்கினார்கள். தேர்வில் மதிப்பெண் கூடியதா என்று கேட்டால், கூடியது என்று என்னால் சொல்ல முடியாது. அதை நான் அளந்து பார்க்கவில்லை. எதிர்ம எண்ணைக் கண்டு பயப்படுவது குறைந்தது என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

கணினி குறைவு, பிள்ளைகள் அதிகம். இருவருக்கு ஒரு கணினி என்றால் சுட்டி எப்போதும் ஒருவர் கையில்தான் இருக்கும். பெரும்பாலும் பையன் கையில். எனவே ஒருவர் 'கை', மற்றவர் 'கண்' என்று வைத்தோம். கை, கண் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றினோம். இந்த ஒரு விதியால் பேசாத பிள்ளைகள் பேசினார்கள்.

இணையம் வராத நாள் உண்டு. ஸ்கிராட்சைக் கணினியிலேயே நிறுவிக்கொண்டால் இணையம் தேவையில்லை, அது இலவசம்தான். மின்சாரம் போகிற நாளும் உண்டு. அன்றைக்குப் பிழை நோட்டைத் திறந்து, ஒருவர் பிழையை மற்றவர் வாசிப்பார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "எங்களிடம் லேபே இல்லையே" என்று கேட்பீர்கள். கணினி இல்லாமலும் தொடங்கலாம். சாக்பீஸால் தரையில் பெரிய கட்டம் போடுங்கள். ஒரு பிள்ளை பந்து, ஒரு பிள்ளை பலகை. மூன்றாவது பிள்ளை சீட்டில் எழுதிய கட்டளைகளைப் படிக்கட்டும். "ஓர் அடி முன்னால் போ. சுவரைத் தொட்டால் திரும்பு." பந்தாக இருப்பவர் சொன்னதை மட்டுமே செய்ய வேண்டும், தானாக யோசிக்கக் கூடாது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல மறந்தால், பந்து சுவரைப் பார்த்து நிற்கும். வகுப்பே சிரிக்கும். பிறகு கட்டளையைத் திருத்தி எழுதுவார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது போதும். நிரலாக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது.

மேல்நிலைக்குப் போகும்போது இது அவர்களுக்குக் கைகொடுக்கும். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் வருகிறது. 'இஃப்', 'லூப்' என்று அங்கே முதல்முறையாகக் கேட்கும் பிள்ளைக்கும், பழம் விழவைத்துவிட்டு வரும் பிள்ளைக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். எல்லாரும் மென்பொருள் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. செராமிக் கம்பெனிக்குப் போனாலும், முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டாலும், "ஏன் இப்படி ஆயிற்று" என்று நின்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

தொடங்குகிறவர்களுக்கு

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிது. ஒரு பழம், ஒரு கூடை. இதற்கு மேல் முதல் மாதத்தில் வேண்டாம். விதிகளைப் பிள்ளைகளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முடிந்த விளையாட்டைக் காட்டலாம். அதன் கட்டங்களைக் காட்ட வேண்டாம். பிள்ளை "மிஸ், வரல" என்று கூப்பிட்டால் சுட்டியை வாங்காதீர்கள். எனக்கு இன்றும் கை பரபரக்கும். அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே லேபில் நடக்கிறேன். பிள்ளைகள் அதையும் கண்டுபிடித்துக் கிண்டல் செய்கிறார்கள்.

முதல் ஆண்டுக் கண்காட்சியைச் சொன்னேன் அல்லவா? கடந்த முறை பெற்றோர் வந்தபோது, பந்து ஒட்டிக்கொண்ட அந்த மாணவியின் கணினி முன்னால் ஒரு தந்தை நின்றார். அதே கேள்வியைத்தான் கேட்டார்: பந்து ஏன் திரும்புகிறது? நான் தள்ளி நின்று கேட்டேன். அவள் 180இலிருந்து கழிப்பதைச் சொல்லத் தொடங்கினாள். அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, ரப்பர் பந்தை எடுத்துவரப் போனாள். தரையில் உருட்டிக் கோடு போட்டுக் காட்டினாள். அவரும் குந்தி உட்கார்ந்து ஒருமுறை உருட்டிப் பார்த்தார். நான் அருகில் போகவில்லை.